நூறிலிருந்து ஏழு ஏழாக

செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
என் முன்னால் இருக்கிற தராசு
மூச்சு விட்டாலே எண் மாறும்.
அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.
ஒரு ஜோடி கொலுசு,
நூற்றுப் பன்னிரண்டு கிராம் நானூறு மில்லி:
இருபத்தோரு வருஷம்
இப்படியே எழுதிய கை இது.

என்னை நிறுக்க அது போதாது.
ஐந்து ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நிறுத்தார்கள்.
தொண்ணூற்று நாலு.
மில்லியெல்லாம் யாரும் கேட்கவில்லை.

முதலில் தொலைந்தது ஒரு சொல்.
கொலுசின் ஒரு முனையில் இருக்கும்,
மறுமுனை வளையத்தில் மாட்டும்,
விட்டுப்போனால் கால் வெறுங்கால்.
"எதுங்க?" என்றார் ஓமலூர்க்காரர்.
"அதுதாங்க, அது"
விரலை வளைத்துக் காட்டினேன்.
அவர் போய், கடை சாத்தி,
பூட்டைத் திருகும்போது வந்தது.
கொக்கி.

பிறகு பஸ்ஸில் ஒருநாள்
இறங்க வேண்டிய இடத்தின் பெயர்.
பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான்,
ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டுமே.
கண்டக்டர் காத்திருந்தார்.
பின்னாலிருந்து யாரோ
"ஜாகீர் அம்மாபாளையம் ஒண்ணு" என்றார்கள்.
"எனக்கும் அதுதான்" என்றேன்.

"தின்னு தின்னு மூளையிலயும் கொழுப்பு ஏறிடுச்சு"
என்றாள் நாத்தனார்.
பெருந்தன்மையால் சும்மா இருந்தேன் என்று
வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.
பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் நஸீமா
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
அதன் பிறகு மின்விசிறி மட்டும் சுற்றியது.

ரத்தத்தின் தாளைப் படித்துச் சொன்னார்:
தைராய்டு தூங்குகிறது.
இன்சுலின் கதவைத் தட்டித் தட்டி
கை ஓய்ந்து நிற்கிறது.
ஈஸ்ட்ரோஜன் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது.
"கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லம்மா.
போதும், சாப்பிட்டாச்சுன்னு
தலைக்கு ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கும்.
ஓயாம வர்றவன் பேச்சை யார் கேக்குறா?"
எனக்குச் சீட்டு வசூல்காரர் ஞாபகம் வந்தது.
"நடங்க. தசையும் ஆள் அனுப்பும்.
அந்த ஆளை மூளை உக்காரவெச்சு விசாரிக்குமாம்."

"சரியாயிடுமா?"

"எலிகளுக்கு நல்லாத் தெரியுது.
நீங்க எலி இல்லையே,
அதனால சத்தியம் பண்ண மாட்டேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பை நம்பித்தான் நடந்தேன்.

விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது.
காப்பி இல்லாத ஒரு மணி நேரத்தை
தெருவில்தான் செலவழிக்க முடியும்.
ஞாயிறு மட்டும் ஏற்காடு அடிவாரம்.

எனக்கு நானே போட்ட விதி:
கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கழித்தல்.
கால் போய்ச் சேராமல்
வாய் எண்ணைச் சொல்லக் கூடாது.

முதல் மாதம் தொண்ணூற்று மூன்றைத் தாண்டவில்லை.
கைப்பிடிச் சுவரில் குரங்கு
என் பையைப் பார்த்தது, பிறகு என்னை,
பிறகு பையையே.
இறங்கும் பஸ்களின் பிரேக் நாற்றம்.
"ஆன்ட்டி, லிஃப்ட்?" என்று பைக்கில் இருவர்,
நின்றிருந்தால் ஏறியிருப்பேன்.

ஆறாம் மாதம் ஐந்தாவது வளைவு.
அறுபத்தைந்து.
குரல் அடைக்க, சத்தமாக, மலையைப் பார்த்து.
கீழே மேக்னசைட் குவாரி
சுண்ணாம்பு கொட்டினாற்போல் வெளுத்துக் கிடந்தது.
ஏறி வந்த சாலை
அன்று கடையில் நான் வளைத்த விரல்.

ஆஸ்பத்திரியில் தொண்ணூற்று ஒன்று.
"மூணு கிலோதானா?" என்றாள் நாத்தனார்.
"மூணு கிலோ வெள்ளி என்ன விலைன்னு தெரியுமா?" என்றேன்.
தயாராக வைத்திருந்த பதில் இல்லை அது.
வந்தது.

இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
விரல் மடக்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பதினாலாவது வளைவில்
இரண்டு மிஞ்சும்.
அதற்கும் மேலே ஆறு வளைவுகள் இருக்கின்றன.
அங்கே எதிலிருந்து எதைக் கழிப்பது?
போனால்தான் தெரியும்.

அடிவாரத்தில் இறங்கி, தூறல் பிடித்தபோது
குடை ஞாபகம் வந்தது.
ஐந்தாவது வளைவில்,
சுவர்மேல்,
குரங்குக்குப் பக்கத்தில்.