நாலு விநாடி

கியும்ரி சரக்கு நிலையத்தில்
வேகன் எடை போடும் கணினி
இரவு பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டது.
செத்தது என்று சொல்ல முடியாது.
பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது,
பச்சை விளக்கு எரிகிறது,
ஒன்று இரண்டு மூன்று நாலு.
அணைகிறது.

வெளியே பதினெட்டு வேகன் கோதுமை.
எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறான் ஹ்ராந்த்.
அணைத்தால் இந்தக் குளிரில்
திரும்ப எழுப்புவது யார் என்பான்.

யெரெவானுக்குத் தொலைபேசினேன்.
தூக்கத்திலிருந்து ஒருவன் சொன்னான்:
"அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்."
அதில் பாதியை
அதுவே செய்துகொண்டிருக்கிறது ஐயா, என்றேன்.
வைத்துவிட்டான்.

நான் எடை போடுகிறவள்,
மெக்கானிக் இல்லை.
ஆனால் திருப்புளி இருந்தது,
காலை ஆறு வரை இரவும் இருந்தது.
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
உள்ளே பதினோரு வருடத் தூசி
பூனை போலச் சுருண்டிருந்தது.

மின்பெட்டியை முதலில் சந்தேகித்தேன்.
பெரிய இணைப்பை உருவி
பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
காகித க்ளிப்பால் சேர்த்தேன்.
சுற்றியது. நிற்காமல் சுற்றியது.
மீட்டரில் பன்னிரண்டு சொச்சம்,
ஐந்து, மூன்று சொச்சம்.
பழி போட அங்கே இடமில்லை.

மெமரி அட்டை இரண்டையும் பிடுங்கி
பொன் பற்களை ரப்பரால் தேய்த்து
ஒன்றை மட்டும் செருகினேன். நாலு விநாடி.
மற்றதைச் செருகினேன். நாலு விநாடி.
வட்டைக் கழற்றினேன்,
தபால்தலை போலிருந்த பேட்டரியையும்
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
நாலு.
மூன்றில்லை, ஐந்தில்லை.
பழுதுக்கு இத்தனை ஒழுங்கு
ஆகாது என்று தோன்றியபோது மணி இரண்டேகால்.

அப்போது ஹ்ராந்த்
டீசல் தீரப் பயந்து எஞ்சினை நிறுத்தினான்.
மாலையிலிருந்து காதில் கிடந்த இரைச்சல்
ஒரேயடியாக விலகியது.
அந்த வெறுமையில் கேட்டது,
என் இரண்டு கையும் மடியில் இருக்க,
பெட்டியின் முகப்பில்
டிக்.

அழுத்தினேன்.
அணைந்தது.
விரலை எடுத்து எவ்வளவோ நேரம் கழித்து
டிக்.
பொத்தான் வெளியே வந்தது,
கூட்டம் முடிந்தும் எழ மனமில்லாதவர் மாதிரி.

இவ்வளவு நேரமும்
என் விரலின் வேலையை
விரல் இல்லாமலே ஒன்று
தொடர்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறது.
பிடித்து அழுத்தினால் அணைவதுதானே அதன் சட்டம்.
கணினி கீழ்ப்படிந்தது.
நான் அதன் நெஞ்சைப் பிளந்து தேடினேன்.

முகப்பைப் பிரித்தால் பொத்தானைச் சுற்றிக்
கரும்பழுப்பாய் ஒரு பிசின்.
பகல் ஷிப்ட் சம்வெலின் காப்பி என்று
புகார் எழுதத் தாளைக்கூட எடுத்துவிட்டேன்.
நகத்தில் சுரண்டி
நாக்கில் வைத்தேன்.

ஆப்ரிகாட் ஜாம்.
இந்தக் கட்டடத்தில்
தேநீரில் ஜாம் போட்டுக் குடிப்பவள்
ஒருத்திதான்.

தாளை மடித்தேன்.
பொத்தானின் கம்பியை உருவிவிட்டு
போர்டின் மூலையில் அந்த இரண்டு ஊசியையும்
திருப்புளி முனையால் தொட்டேன்,
தூங்கும் குழந்தையின் மூக்கைத் தொடுவதுபோல்.
ஒன்று இரண்டு மூன்று நாலு
ஐந்து.
ஐந்துக்குப் பிறகு எண்ண மறந்தேன்.
திரை வெளுத்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
"பொத்தான் பழுது. காரணம், குளிர்."
கியும்ரியில் குளிரின் மேல்
எதைப் போட்டாலும் தாங்கும்.

எஞ்சின் மூன்றாம் முயற்சியில் இருமி எழுந்தது.
முதல் வேகன் தட்டில் ஏறி நின்றது.
சீட்டை வாங்கி விளக்கில் பிடித்த ஹ்ராந்த்
சிரிக்கவில்லை, சீட்டையே பார்த்தான்.
பேட்டரியைப் பிடுங்கியதில்
தேதி இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி ஒன்று.

"ஷோகேர்,
இன்னும் விதைக்காத கோதுமையை
எடை போட்டுவிட்டாயே."

திருத்தித் தருகிறேன், கொடு என்றேன்.
கொடுக்கவில்லை.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
இரண்டாவதை ஏற்றச் சொன்னான்.