சதுர அடிக்கு எட்டு ரூபாய்

இந்த ஊர் வளர்கிறதா என்று
என்னிடம் யாரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் டி டிரைவைத் திறந்து காட்டியிருப்பேன்.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
மாடிப்படிக்கு அடியில், பிளெக்ஸ் கடை.
பதினோரு வருஷமாக
திறப்புவிழா என்றொரு ஃபோல்டர்,
இடமாற்றம் என்றொன்று,
வாடகைக்கு என்றொன்று.
முதலாவதில் இருந்த பெயர்
இரண்டாவதுக்கு வரும்.
மூன்றாவதில் பெயர் இருக்காது,
செல் நம்பர் மட்டும்.

பசுலுதீன் பிரியாணிக்கு
மூன்று திறப்புவிழா போட்டிருக்கிறேன்.
லாரன்ஸ் ரோடு, மஞ்சக்குப்பம், இப்போது செம்மண்டலம்.
ஒவ்வொரு தடவையும் கடை சின்னதாகிறது,
பிளெக்ஸ் பெரிதாகிறது.
"கோதை, அந்த ஆவி மட்டும் பழசுலேர்ந்தே எடுத்துக்கோம்மா" என்பார்.
பதினோரு வருஷமாக ஆறாத ஆவி.

பிறகு மனைக்காரர்கள்.
முதல் நகர் போட்டபோது
பாண்டிச்சேரியிலிருந்து நாற்பதே நிமிடம்.
அடுத்த தையில் முப்பது.
ஆல்பேட்டைப் பாலத்தில் ஒரு லாரி நின்றால்
ஒரு மணி நேரம் பிடிக்கும் அதே சாலையில்
பதினைந்துக்கு வந்துவிட்டோம்.
சாலை ஒரு முழம் அகலமாகவில்லை.
என் மௌஸ்தான் நகர்ந்தது.
இன்னும் இரண்டு நகர் போட்டால்
கடலூரும் புதுச்சேரியும்
ஒரே வாசலில் செருப்பு விடும்.

ஆட்கள் தேவை என்பதற்கு மட்டும்
யாரும் பிளெக்ஸ் போடுவதில்லை.
அது ஏ4. கறுப்பு வெள்ளை. இருபது நகல்.
எத்திராஜ் மகன் ஒன்றைக் கிழித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.
குடிகாட்டில் வீடு,
சிப்காட் புகை ஜன்னல் வழியாக வரும்,
வேலை என்னவோ சேதராப்பட்டில்.
விடிவதற்குள் பஸ் ஏறுகிறான்.
அவன் போகிற நிமிடக் கணக்கை
எந்த மனைக்காரரும் என்னிடம் கேட்டு எழுதவில்லை.

மாசி மாதம்
ஓர் அலுவலகத்திலிருந்து வந்தார்கள்.
மண்டலப் பொருளாதார வளர்ச்சி, ஒருநாள் கருத்தரங்கு.
இருபதுக்குப் பத்து.
ஓர் அம்பு வேண்டும், மேலே போகிறாற்போல.

என்னிடம் இருப்பது ஒரே அம்பு, பச்சை.
சீட்டுக் கம்பெனிக்கு வரைந்தது.
கம்பெனி போய்விட்டது, அம்பு இருக்கிறது.
டியூஷன் சென்டருக்கு அதைத்தான் வைத்தேன்,
மல்லாட்டை எண்ணெய்க்கும் அதுதான்,
கோழித் தீவனத்துக்கும்.

"இன்னும் கொஞ்சம் செங்குத்தா இருக்கலாம்"
என்றார் கண்ணாடி போட்டவர்.
செய்கிறேன் என்று சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டேன்.
சாயங்காலம் போன்.
நிதி குறைந்துவிட்டதாம்,
பத்துக்குப் பத்து போதுமாம்.
உயரத்தைத் தொடவில்லை,
அகலத்தை மட்டும் பாதியாக அமுக்கினேன்.
எழுத்தெல்லாம் ஒல்லியானது,
அம்பு தானாக நிமிர்ந்தது.

"இதத்தாம்மா சொன்னேன்" என்றார்.
எண்ணூறு ரூபாய். ரசீது கேட்டார்.

கருத்தரங்கு முடிந்து அது கடைக்கே திரும்பி வந்தது.
இரண்டு கழிகளில் சுருண்டு,
மூலையில், ஒட்டடைக்கு நடுவில்.
பங்குனி வெயிலில் அஞ்சலாட்சி வந்தாள்.
துறைமுகத்துக்காரி,
வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள்.
விரித்துப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள்,
எதிர்வெயிலில் பிடித்து ஓட்டை தேடினாள்.
கருத்தரங்கில் யாரும் அவ்வளவு நேரம் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.
"அறுபது தரேன்."
சதுர அடிக்கு அறுபது பைசா.
தில்லைநாயகம் அண்ணன் கல்லாவிலிருந்து தலையாட்டினார்.
வாடகை ஏற்றச் சொல்லி வந்த கடிதம்
அந்தக் கல்லாவுக்குள் நான்கு நாளாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன்.
மணலில் விரித்திருந்தாள்.
பூராவும் நெத்திலி,
வளர்ச்சியில் ஒரு ள் மட்டும் தெரிந்தது.
படுக்கப் போட்டால் மேல் ஏது, கீழ் ஏது,
அம்பு முகத்துவாரத்தைப் பார்த்துக் கிடந்தது.
காற்றுக்கு நாலு மூலையிலும் கல்.
கையில் இன்னொரு கல் மிச்சமிருந்தது அவளுக்கு.
சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
அம்பின் கூர்மேல் வைத்தாள்.