பக்கத்தில் நின்ற எடை

கிளைபேதா துறைமுகத்தில்
விடியலுக்கு வெகு முன்பு, நான்கு மணி.
பாரந்தூக்கியின் கூண்டிலிருந்து எய்மந்தாஸ்
ரேடியோவில் சொல்கிறான்:
"உன் கணக்குப்படி இந்தக் கப்பல்
என் மனைவியின் பியானோவைவிட இலேசு."

திரையில் கப்பலின் எடை
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
அதை நம்பிய பம்புகள்
அடிவயிற்றுத் தொட்டிகளில் கடலை நிரப்ப
இரும்பு உடம்பு மெல்ல
இடப்பக்கம் சாய்கிறது.
யாரோ ஓடிப்போய்
விசையைக் கையால் அணைக்கிறார்கள்.

ஜிவிலே கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
நிரலைத் திறக்கிறாள்.
கப்பலுக்குள் கொள்கலன்,
கொள்கலனுக்குள் மரப்பெட்டி,
பெட்டிக்குள் வைக்கோல் பொதிந்த
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள்.
கப்பலுக்கும் எடை உண்டு, கொள்கலனுக்கும், பெட்டிக்கும்.
மூன்று எடைக்கும் 'எடை' என்றே பெயர்.

மிக உள்ளே,
பெட்டியின் அடைப்புக்குறிக்குள் நின்று
"எடை" என்று கூப்பிட்டால்
கப்பல் திரும்பாது.
பக்கத்தில் நிற்பவன்தான் "என்ன?" என்பான்.
அவன்மேல் குற்றமில்லை,
அவன் பெயரும் அதுதான்.
வெளியே பத்தொன்பதாயிரம் டன்
தன்னைக் கூப்பிட்டதே தெரியாமல்
மிதந்துகொண்டிருக்கிறது.

பிழைச்செய்தி எதுவும் இல்லை.
கணினிக்கு ஒரு கணமும் குழப்பமில்லை.

எழுதியது யார் என்று
மாற்றங்களின் பதிவைப் புரட்டுகிறாள்.
ஐந்தாண்டுக்கு முந்தைய மார்ச் மாதம்:
ஜிவிலே புட்கியெனே.
புட்குஸின் மனைவி என்று
வால் சொல்லும் பெயர்.
இப்போது அவள் மறுபடியும் ரிம்குதே,
ரிம்குஸின் மகள்.
திட்டத் திறந்த வாய்
எந்த ஜிவிலேயை என்று தெரியாமல்
ஆறிய காப்பியைக் குடிக்கிறது.

எனக்கும் இதைத் தமிழில் சொல்வது சுலபமாயில்லை.
கப்பல், பெட்டி தன் எடையைச் சொன்னதாக நம்பியது:
இதில் 'தன்' யார்?

அவளுக்கு ஒரு புள்ளி போதுமாயிருக்கிறது.
ககரத்தின் தலையில் வைத்தால்
உயிர் உதிர்ந்து மெய் மிஞ்சுமே,
அத்தனை சிறிய புள்ளி.
அதற்கு இடப்புறம் கப்பல், வலப்புறம் எடை.
மூன்று இடங்களில் வைக்கிறாள்.
மூன்றுக்கும் வேறு வேறு பெயர் சூட்டுவதே முறை.
தேடிப் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு இடங்கள்.
கோட்டின் பொத்தானைப் போடுகிறாள்.

பம்புகள் விழுங்கியதைத்
திரும்பக் கடலில் துப்புகின்றன.
"என்னதான் கோளாறு?"
எய்மந்தாஸ் கேட்கிறான்.

"ஊறுகாய்."