வேலிக்கு இந்தப் பக்கம்

ஈரி ஏரியிலிருந்து ஈசல்போல் பூச்சிகள் கிளம்பிய
ஜூன் இரவு.
விளக்குக் கம்பங்களுக்கு மயிர் முளைத்திருந்தது.
பதினேழாவது இன்னிங்ஸ்; பலகையில் கட்டம் தீர்ந்து
ஓர்வில் பூஜ்ஜியங்களைக் கழற்றி
முதலிலிருந்து மாட்டினான்.
ஹாட்டாக்காரி மிச்சத்தைச் சும்மா கொடுத்தாள்.

டெல்மர் விட்கோவ்ஸ்கி
வாய்க்குள் போன பூச்சியைத் துப்பிவிட்டு
மட்டையைச் சுழற்றினான்.
சத்தம் கேட்டது. பந்து எங்கே போனதென்று
பூச்சிகளுக்குத்தான் வெளிச்சம்.
நடுவர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
விரலைச் சுழற்றினார்.
ஹோம் ரன்.

ஒன்றுக்குப் பூஜ்ஜியம்.
அந்த வருஷம் நாங்கள் கடைசி இடம்;
ஆனாலும் ஜூன் வந்தால் ஊர் அதையேதான் பேசுகிறது.

மறுநாள் புல் வெட்டியவன் நான்.
வேலிக்கு இந்தப் பக்கம், இருபதடி தள்ளி,
பனியில் நனைந்து கிடந்தது பந்து.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
இஞ்சினைத் திரும்ப முடுக்கினேன்.