நாலு டிகிரி

பள்ளத்தூரில் இரவு ஒன்பதுக்குப் பெட்டியை இறக்கினேன்.
எந்த வீட்டிலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்:
பதினைந்து ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது?
துக்க வீட்டில் அப்படிக் கேட்பவனை
ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.
இங்கே தேட வேண்டியிருக்கவில்லை.
முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறிய
லைன்மேன் வயிரவன் வீடு.
பிளக்குக்கு மேல் சுவரில்
அவர் கையெழுத்தில், சிவப்பு மையில்:
எர்த் சரி.

மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும்.
அதுவரை நாலு டிகிரி.

சிந்தாமணி கண்ணாடிமேல் உள்ளங்கை வைத்து
"குளிருமா தம்பி?" என்றாள்.
"இல்லம்மா" என்றேன்.
பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறேன்,
தெரிந்து சொன்னதில்லை.

உடம்பைச் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு
எழுதிக் கொடுத்திருந்தார் மனிதர்.
அந்தத் தாளை மத்தியானமே
புளிப்பானைக்குள் போட்டு மூடிவிட்டாளாம் இவள்.
"கொள்ளி வைக்காம எந்த வழியாப் போவாரு?
காக்காகிட்ட நான் என்ன விலாசம் சொல்றது?"

கருப்புச் சட்டைத் தோழர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"அண்ணன் எங்கயும் போகல அண்ணி.
போறதுக்கு இடமே கிடையாதுன்னுதானே சொல்லுவாரு."
ஆறுதலாகத்தான் சொன்னார்.
அவளுக்கு அழுகை கூடிவிட்டது.

தங்கை பொன்னழகு, இப்போது எஸ்தர்,
பைபிளைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள்.
எக்காளம் ஊதும் நாளில்
எலும்போடு எலும்பு சேர்ந்து எழும் என்பவள்.
அண்ணன் ஞானஸ்நானம் பெறாதவன் என்ற கணக்கை
அவள் யாரிடமும் எடுக்கவில்லை.
தண்ணீர் கொடுக்க வந்தபோது என்னிடம் மட்டும்:
"அறுத்துக் கூறு போட்ட பிறகும்
ஆண்டவரால சேர்க்க முடியும்தானே?"
நான் டிகிரி எண்ணைப் பார்த்தேன்.

"கபுருக்குள்ள ரெண்டு மலக்கு வந்து கேள்வி கேப்பாங்க.
இவன் அவங்களையே திருப்பிக் கேப்பான்.
நெனச்சாச் சிரிப்பா வருது"
என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு
டம்ளர் கழுவப் போனார் டீக்கடை முகைதீன்.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.

பெட்டி ஒருமுறை இருமி நின்றது.
பேச்சும்.
தெருவில் வெளிச்சம் மிச்சமிருந்தது
எதிர்ச் சாரியில் பூட்டிய பெரிய வீட்டுக்கு மட்டும்.
இன்வர்ட்டர்.
முகப்பில் இரண்டு விளக்கு, வளவுக்குள் ஒன்று.
ஆறு வருடமாக உள்ளே ஆளில்லை.
எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஏதோ சொல்லலாம் போலிருந்தது.

முகைதீன் மீன்கடைக்காரனை எழுப்பி
ஐஸ் கொண்டுவந்தார்.
தோழர் உலக்கையால் உடைக்க
எஸ்தர் சாக்கில் அள்ளினாள்.
தலைமாட்டில் கொஞ்சம், விலாவில், காலடியில்.
அறை முழுக்க வஞ்சிரம் வாடை.
யார் எங்கே போவார்கள் என்று அப்போது யாரும் பேசவில்லை.
சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

வயிரவனிடம் தொழில் பழகிய பையன்
டார்ச்சைக் கடித்துக்கொண்டு
டிரான்ஸ்பார்மரில் ஏறினான்.
மூன்றேகாலுக்குத் தூக்கத்திலிருந்த பேத்தி கத்தினாள்:
"வந்துருச்சு!"

எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளும் கத்துவதுதான்.
சிந்தாமணி விசுக்கென்று
பெட்டிப் பக்கம் திரும்பினாள்.
ஒரு நொடி.
நானும் திரும்பினேன்.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

காலையில் மகன் வந்து சேர்ந்தான்.
அவளே பானைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்தாள்.
கையெழுத்துப் பக்கம் மட்டும் புளி ஏறியிருந்தது.
கல்லூரி வண்டி வாசலுக்கு வந்தபோது
முந்தானையிலிருந்து பச்சரிசி எடுத்து
அவர் வாயில் போட்டாள், மூன்று தரம்.
தோழர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைக் கழுவினேன், மீன் வாடை போகவில்லை.
கோட்டையூரிலிருந்து அடுத்த அழைப்பு.
ஓட்டும்போது நினைத்தேன்:
சிவகங்கையில் ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும்,
அந்த வாயைத் திறந்து பார்ப்பாள்.
பல், நாக்கு, அண்ணம்
என்று எழுதிக்கொண்டே வருபவள்
கடைவாய்க்குள் ஒரு அரிசியைப் பார்த்து
பேனாவை எடுப்பாளா.