இரண்டிலைப் பருவம்

பெயர் கேட்டார்
பிரிட்டோரியாவிலிருந்து வந்திருந்த புது அதிகாரி.
செப்டம்பர் என்றாள் மக்ரீட்டா.
தேதி வேண்டாம், பெயர் சொல்லுங்கள்.
அதுதான் பெயர்.
கப்பலிலிருந்து இறக்கிய மாதத்தையே
அடிமைக்குப் பெயராய் ஒட்டிய காலம் ஒன்று
இந்தக் கேப் மண்ணில் இருந்தது.
பேனா கொஞ்சம் நின்றது,
பிறகு கட்டத்துக்குள் எழுதியது.

ஏழு பேர் நாங்கள்.
காலை ஆறுக்கெல்லாம்
ரீட்குளூஃப் சரிவில் ரம்பம் உறுமும்.
ஹாகியா, ஆஸ்திரேலியப் புதர்.
ஆடு தாண்டாதிருக்க
எவனோ ஒரு பண்ணைக்காரன் நட்ட வேலி.
வேலி
பயிரோடு நிற்கவில்லை,
மலையையே மேய்ந்தது.

அதன் இலை ஊசி; கையுறை தாங்காது.
வெட்டினால் செத்துவிடும், அதில் சந்தேகமில்லை.
சாகிற வாரத்தில்தான்
மரக்காய் ஒவ்வொன்றும் படக்கென்று வாய் பிளக்கும்,
காய்க்கு இரண்டு விதை,
விதைக்கு ஒரு சிறகு.
நம் கொலைதான் அதற்குப் பிரசவம்.
ஆகையால் வெட்டிப் போட்டுவிட்டு
ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும்
அத்தனையும் முளைக்கட்டும் என்று.
பிறகு தீ.

ஓடைக்கரையில் வாட்டில் மரங்கள்.
அடிக்கட்டையில் மருந்து பூசாவிட்டால்
திரும்பத் துளிர்க்கும்.
பூசியது தெரிய மருந்தில் நீலச் சாயம்.
சனிக்கிழமை சம்பளக் கவரில்
எங்கள் ஏழு பேர் விரலும் இருக்கும்.

மலையின் சொந்தச் செடி பின்குஷன்.
விதையின் நெற்றியில் துளிக் கொழுப்பு வைத்திருக்கும்,
எறும்புக்குக் கூலி.
பழைய எறும்பு
விதையை மண்ணுக்கடியில் சேர்த்த பிறகுதான்
கூலியைத் தின்னும்.
இப்போது அர்ஜென்டினா எறும்பு.
நின்ற இடத்திலேயே கூலியைத் தின்றுவிட்டு
விதையை வெயிலில் போட்டுப் போகிறது
சில ஒப்பந்தக்காரர்களைப் போல.
இரவில் எலி வருகிறது.

வந்தேறி எல்லாவற்றையும்
ஒன்று விடாமல் அறுக்க வேண்டும் என்றான் டெல்வின்,
உச்சி வெயிலில், கோபமாக.
என்னையும் சேர்த்தா என்றாள் மக்ரீட்டா.
அவன் ரம்பத்தை அணைத்தான்.
அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:
வந்ததற்காகவா வெட்டுகிறோம்?
ஓடையைக் குடித்ததற்காக.

போன வருடம் நான்கு மாதம் பணம் வரவில்லை.
நாங்கள் ஆப்பிள் பறிக்கப் போனோம்.
திரும்பி வந்தபோது
ஹாகியாக் குஞ்சுகள் முழங்கால் உயரம்,
எங்களை எண்ணிப் பார்ப்பதுபோல்
வரிசையாக.

தீ போய், மழையும் போய்,
இன்று கரிமேட்டில் நாங்கள் தவழ்கிறோம்.
தீக்குத் தப்பியதைக் கையால் பிடுங்க வேண்டும்.
அதிகாரி சொல்லித்தான் தெரியும்:
ஹாகியாவும் எங்கள் புரோட்டியாவும்
ஒரே குடும்பமாம்.
கண்டங்கள் பிரிந்தபோது
ஆளுக்கொரு துண்டில் போனவையாம்.
அதனால்தானோ என்னவோ
முதலில் விரியும் இரண்டு இலையில்
இரண்டும் ஒரே முகம்.

மக்ரீட்டா முழந்தாளிட்டிருக்கிறாள்.
நீல விரல் இரண்டுக்கு நடுவே
தீக்குச்சி அளவுத் தண்டு.
மூன்றாவது இலை வந்தால் தெரிந்துவிடும்.
அதற்குப் பத்து நாளாவது ஆகும்.
ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள்.
அவள் விரலை இறுக்கவில்லை,
எடுக்கவுமில்லை.