கிண்ணத்தின் அடியில் ஐந்து ரூபா

யோகபுரம் ஏழாம் ஒழுங்கையில்
பிறீசர் உள்ள வீடு என்னுடையதுதான்.
கிளிநொச்சியில் ஒரு ஐஸ்கிறீம் கடை பூட்டியபோது
பாதி விலைக்கு வந்தது.
மூடியில் ஒரு வெள்ளைக் கரடி
நாக்கை நீட்டியபடி
இந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஞாயிறு விடிய
கதிரமலையின் பட்டியில் கிடாய் விழும்.
தேக்கிலை விரித்துப் பதினொரு பங்கு.
ஈரல் அன்றைக்கே சட்டிக்குப் போய்விடும்.
எலும்பு மத்தியானம் ரசமாகும்.
மிச்சம் என் படலையைத் திறந்துகொண்டு வரும்.

தட்டையாய்க் கட்டுங்கோ என்பேன்.
உருண்டையாய்க் கட்டினால்
நடுவில் சூடு ஒளித்திருக்கும்.
ஒரு கறிக்கு ஒரு பை,
எடுத்ததைத் திரும்ப வைக்க விடமாட்டேன்.
கறுப்புப் பேனையால் பெயரும் திகதியும்
நானே எழுதுவேன்.
சர்வேஸ்வரி, நவம்பர் ஒன்பது.
அல்பிரட் மாஸ்டர், நவம்பர் பதினாறு.
ஒரு பையில் "ஊர்ப்பன்றி" என்று
வேறு யாரோ எழுதியிருந்தது.
ஊருக்கும் காட்டுக்கும் நடுவில்
இங்கே ஒரு கம்பிவேலிதான்.
நான் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில்
நிர்மலகாந்தியின் மூன்று பை.
டோகாவிலிருந்து வருகிறவருக்கு.
அவருடைய லீவு
இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது.

மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர்,
அது உறைந்து கல்லான பிறகு
அதன்மேல் ஐந்து ரூபாக் குற்றி.
முல்லைத்தீவில் மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கும்
ரொசாரியோ சொன்ன வேலை.
"நீங்கள் இல்லாத நேரம்
அது பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா."

மாதக் கடைசியில் புயல்.
தங்கச்சியின் பேறுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் நின்றேன்.
பாலத்துக்கு மேலால் தண்ணீர்.
ஐந்தாம் நாள் வந்து இறங்கினால்
படியில் தவளை,
முற்றத்தில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
வீட்டுக்குள் பல்ப் எரிகிறது.
பிறீசர் ஒன்றும் நடவாததுபோல
முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

கரண்ட் கொஞ்சம்தான் நிண்டது என்றார்கள்,
ஒரு மணித்தியாலம் என்றாள் ஒருத்தி,
விடிய வந்திட்டுது என்றாள் இன்னொருத்தி.
திறந்தேன்.
இறைச்சி கல்.
மோந்து பார்த்தேன்.
உறைந்தது மணக்காது.

பைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன,
அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு தகடு பனி.
கிண்ணத்தை எடுத்தேன்.
மேலே காசு இல்லை.
அடியில்,
கண்ணாடிக்குள் மஞ்சளாய்க் கிடந்தது,
முழுசாய் மூழ்கி
மறுபடி பூட்டப்பட்டு.

எனக்கு மட்டும் தெரியும்.
கிண்ணத்தைக் கழுவி வைத்தால்
யாருக்கும் தெரியாது.
பதினொரு வீட்டின் காசு,
இந்த விலைவாசியில்.
கரடி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து நிர்மலகாந்தி வந்தாள்,
தலைமுழுகின ஈரத்தோடு.
"வியாழன் வாறார். இந்த முறை டிக்கெற்றைப் படம் பிடிச்சே அனுப்பிட்டார்."
நான் கிண்ணத்தை நீட்டினேன்.
"மிளகு கூடப் போட்டு
நல்லாய் அவிச்சால் ஒண்டும் செய்யாதுதானே?"
சில நஞ்சு அவிச்சாலும் சாகாது என்றேன்.
அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்,
வெளிச்சத்துக்குப் பிடித்தாள்,
குலுக்கினாள்.
காசு அசையவில்லை.
கொஞ்ச நேரம்
கிண்ணம் வடிந்து அவள் முழங்கையால் ஒழுகியது.

பிறகு போய் மண்வெட்டி கொண்டுவந்தாள்.

எலுமிச்சைக்குப் பின்னால் வெட்டினோம்.
நாய் கிண்டாத ஆழம் வேண்டும்.
முழங்காலுக்குக் கீழே போகும்போது
இந்த ஊரில் எல்லோரும்
ஒருதரம் நிறுத்தி மண்ணைப் பார்ப்போம்.
பார்த்தோம்.
மண்தான்.
திரும்ப வெட்டினோம்.

பெயர்களை வாசித்து வாசித்துப் போட்டேன்.
ஊர்ப்பன்றிக்கு மட்டும் ஆள் வரவில்லை.
மேலே சுண்ணாம்பு, கல், ஓட்டைத் தகரம்.
சர்வேஸ்வரி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.
நாலாம் நாள் கருவாடு கேட்டு வந்தாள்.

வியாழன் இரவு
மதிலுக்கு அங்கால் முட்டை பொரியும் மணம்.
"ஏன், இறைச்சி ஒண்டும் வாங்கேல்லையோ?"
என்று ஓர் ஆண்குரல்.
அவள் சொன்ன பதில் கேட்கவில்லை.
சிரித்தது கேட்டது.

புளி போட்டுத் தேய்த்து
காசைத் திரும்ப ஏற்றிவிட்டேன்.
இப்போது இரவில் எழும்பினால்
முதலில் அதைத்தான் திறக்கிறேன்,
ரோச் அடித்து.
கரண்ட் பில் கூடுகிறது.